ஆழியாறு மலைச்சாலையில் ஓர் 'எண்டியூரன்ஸ் பார்'

கோவையில் உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் ஆறு 'எண்டியூரன்ஸ் பார்'கள் (நீண்ட நேர உழைப்பின்போது தின்னும் சத்துக் கட்டிகள்) கொண்ட பெட்டி ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உரியது என்று உறையின் முன்புறம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பின்புறத்தை நான் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் படித்தேன்.

அன்று பொள்ளாச்சியிலிருந்து சைக்கிளில் கிளம்பி, ஆழியாறு சோதனைச்சாவடியைக் கடப்பதற்குள் இரண்டு பார்களைத் தின்றிருந்தேன். வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த ஏற்றத்தில், ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையை எட்டும்போதே வயிறு கல்லாய்க் கனத்தது. அட்டகட்டிக்கு முன்பே கால்கள் ஓய்ந்துவிட்டன.

காரணம் பின்புற அட்டவணையில் இருந்தது. 60 கிராம் பாரில் புரதம் 18, கொழுப்பு 10, நார்ச்சத்து 5, மாவுச்சத்து 22 கிராம். அந்த 22-இலும் 9 கிராம் மால்டிடால் என்னும் இனிப்பு, அதைக் குடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை, அளவு கூடினால் வயிறு உப்பும். ஆக, ஏற்றத்தில் கைகொடுப்பது சுமார் 13 கிராம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் கடும் உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு உணவியலில் நிலைபெற்ற கணக்கு. 60 கிராமுக்காக இந்தப் பாரை நம்பினால், மணிக்கு நான்குக்கு மேல் தின்ன வேண்டும். செலவு 400 ரூபாயைத் தாண்டும், கூடவே 40 கிராம் கொழுப்பும் இரைப்பையில் இறங்கி, உணவு குடலுக்குப் போவதையே தாமதப்படுத்தும்.

பார் என்ற வடிவத்தின் மீது எனக்குக் குறையில்லை. மாவுச்சத்து மிகுந்து, கொழுப்பும் நாரும் குறைந்த பார், வழியில் உறிஞ்சிக்கொள்ளும் மாவுச்சத்து ஜெல்லுக்கும் பானத்துக்கும் ஈடாக உதவும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்கள் குளுக்கோஸோடு ஃபிரக்டோஸும் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இவ்விரண்டும் குடலில் வெவ்வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் மணிக்கு 90 கிராம் வரை ஏற்க முடியும்.

இரண்டாம் ஞாயிறு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஒரு பாரைத் தின்றேன். வயிறு தொல்லை தரவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்த இன்னொன்றின் சாக்லேட் பூச்சு, இறங்கி ஆழியாறு வருவதற்குள் உறையோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் ஞாயிறு, வாழைப்பழங்களும், அரை லிட்டர் பாட்டிலுக்கு 35 கிராம் வீதம் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும், எலுமிச்சைச் சாறும், ஒரு சிட்டிகை உப்பும் கொண்டு போனேன். நாட்டுச் சர்க்கரையின் பெரும்பகுதி சுக்ரோஸ். அது உடலில் பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் பிரியும். (இதே சர்க்கரையும் வாழைப்பழமும் பேரீச்சையும் தேனும் சேரும் பழனிப் பஞ்சாமிர்தத்தை இந்தக் கண்ணோடு பார்க்க எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.) வானிலையும் தூக்கமும் அன்று ஒத்துழைத்தன, ஆகவே இதைச் சரியான சோதனை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் வழியில் எங்கும் இறங்காமல் வால்பாறை சேர்ந்தேன்.

சுவையில் பாருக்குக் குறை சொல்ல முடியாது. கோகோ மணம் நன்றாக இருக்கிறது, பல்லில் ஒட்டுவதில்லை. மீதமிருந்த இரண்டையும் ஓட்டம் முடிந்து வீடு திரும்பியதும் தின்றேன், அந்த நேரத்துக்கு அதன் புரதம் பொருத்தமானது. அதே 18 கிராம் புரதம் மூன்று முட்டையில் கிடைக்கும் என்பதால், இன்னொரு பெட்டி வாங்கவில்லை.