எவரெஸ்ட் அடிவாரம் போகிறவர்களே, திரும்பும் டிக்கெட்டின் தேதியைப் பாருங்கள்

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. காத்மாண்டுவின் தமேல் பகுதியில் பெயர்ப்பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்ட அரை நாள் போதும். பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் அடுத்த பெயரில் போய் விழுவீர்கள். எங்களை ஏமாற்றிய முறையைச் சொல்கிறேன்.

எனக்கு வயது 48, தம்பிக்கு 41. ஆறு மாதம் மாடிப்படி ஏறி இறங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு, சென்ற அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கிளம்பினோம். ஆளுக்கு 72,000 ரூபாய். அதில் பாதியை முன்பணமாக வங்கி வழியாக அனுப்பிவிட்டோம். மீதியைத் தமேல் அலுவலகத்தில் கையில் கொடுத்தோம். மின்னஞ்சலில் வந்த பயணத் திட்டம் படிக்க அழகாக இருந்தது. நடை தொடங்கும் மலையூரான லுக்லாவில் இறங்கி, திரும்பவும் லுக்லாவில் விமானம் ஏறும்வரை 12 நாள். நாம்சே பஜாரில் ஒரு நாள் ஓய்வு, டிங்போச்சேயில் ஒரு நாள் ஓய்வு. இந்த இரண்டு ஓய்வு நாட்களுக்காகத்தான் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்து இஞ்சித் தேநீர் கொடுத்தார்கள். இரத்த அழுத்தம் உண்டா, ஆஸ்துமா உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. காப்பீட்டு பாலிசி எண்ணைக் கேட்டார்கள். பாலிசியின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்தார்கள். ஹெலிகாப்டர் மீட்புக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று இருக்கும் பக்கத்தை அந்த மேலாளர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். 'எவ்வளவு பொறுப்பான மனிதர்' என்று நான் தம்பியிடம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

சில்லறை ஏமாற்றுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காத்மாண்டுவிலிருந்து லுக்லாவுக்கு நேர் விமானம் என்றார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு எழுப்பி ஜீப்பில் ஏற்றி, ஐந்து மணி நேரம் குலுக்கி, ராமேச்சாப் விமான நிலையத்தில் இறக்கினார்கள். சீசனில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அது குற்றமில்லை, சொல்லாமல் விட்டதுதான் குற்றம். சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமாக ஆளுக்கு 3,000 நேபாள ரூபாய் வாங்கினார்கள். பூங்காவின் மோஞ்சோ வாசலில் கிடைத்த ரசீதில் 1,500 என்று இருந்தது. சார்க் நாட்டவருக்குப் பாதிக் கட்டணம்தான். 'எல்லாம் அடக்கம்' என்ற தொகையில் வெந்நீர் அடங்கவில்லை, கைப்பேசிக்கு மின்னேற்றம் அடங்கவில்லை, டிங்போச்சேக்கு மேலே தால் பாத் என்னும் பருப்புச் சோறு தவிர வேறு எந்தச் சாப்பாடும் அடங்கவில்லை. இருவருக்கு ஒரு சுமைதூக்கி என்பது பேச்சு. வந்த ராய் இனத்துப் பையனின் முதுகில் எங்கள் இரண்டு பைகளோடு முன்பின் தெரியாத இன்னொருவரின் பையும் இருந்தது. நெற்றியில் நாம்லோ பட்டையை மாட்டிக்கொண்டு, மெல்லிய கான்வாஸ் செருப்பில் அவன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பது எளிதாக இல்லை.

இவை எல்லாம் பணத்தோடு போகிறவை. நாட்களில் கைவைத்ததுதான் உயிரோடு விளையாடியது.

ராமேச்சாப்பில் வழிகாட்டி எங்கள் கையில் விமான டிக்கெட்டுகளைக் கொடுத்தார். போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் மலைகள் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் கவனம் முழுவதும் அந்த இருக்கையில் இருந்தது. திரும்பும் டிக்கெட்டின் தேதியைப் பார்த்திருக்க வேண்டும். அது பத்தாம் நாள். எங்களுக்கு அனுப்பிய தாளில் பன்னிரண்டாம் நாள். குறைந்துபோன இரண்டும் அந்த ஓய்வு நாட்கள்தான்.

நாம்சேயில் இது தெரிந்து கேட்டபோது வழிகாட்டி சிரித்தார். "தீதி (அக்கா), நீங்கள் இருவரும் நன்றாக நடக்கிறீர்கள். ஓய்வு நாள் எல்லாம் வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு." புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது. நாங்கள் நாம்சேயில் (3,440 மீட்டர்) ஓர் இரவு, தெங்போச்சேயில் (3,860) ஓர் இரவு, டிங்போச்சேயில் (4,410) ஓர் இரவு, ஐந்தாம் நாள் லொபுச்சே (4,940). லுக்லாவை விட்டபின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. டிங்போச்சேயிலேயே தம்பிக்கு லேசான தலைவலி. "தண்ணீர் குடிக்கவில்லை, அதனால்தான்" என்றார் வழிகாட்டி.

லொபுச்சேயில் அன்று மாலை தம்பி பூண்டு சூப் குடித்தான், என்னோடு சீட்டாடினான், இரண்டு ஆட்டம் ஜெயித்தான். நள்ளிரவுக்குப் பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒருமுறை வாந்தி எடுத்தான். விடிகாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. தலையில் விளக்கும், கையில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டருமாக வழிகாட்டி நின்றார்.

தம்பியின் விரலில் மாட்டினார். 74. "ஆபத்து தீதி. ஹெலிகாப்டர் வேண்டும். இப்போதே சொன்னால் ஏழு மணிக்கு வந்துவிடும்." என் விரலையும் நீட்டச் சொன்னார். 76. "நீங்களும் ஏறிவிடுங்கள். தலைவலி என்று சொன்னால் போதும். காப்பீடுதான் கொடுக்கப் போகிறது, உங்கள் காசு ஒன்றும் இல்லை. மேலிருந்து எவரெஸ்ட்டையும் பார்த்துவிடலாம்."

அந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. சாகக் கிடப்பவனுக்கு மலை காட்டுகிறவன் எப்படிப்பட்ட ஆள்? அறையில் வாளித் தண்ணீர் உறைந்திருந்த குளிர். என் விரல் கட்டைபோல் இருந்தது. கையை அக்குளில் வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றினேன். மீண்டும் மாட்டச் சொன்னேன். 82. குளிர்ந்த விரலில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். போதாததற்கு, அந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே எண்பதை ஒட்டித்தான் இருக்கும். எண்ணை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

விடுதிக்காரம்மாவிடம் வைஃபை அட்டை வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர உதவி எண்ணை அழைத்தேன். பாலிசி எண்ணைச் சொன்னதும் எதிர்முனையில் இருந்த பெண் சற்றுத் தயங்கினாள். "உங்கள் இருவருக்குமே நேற்று மாலை ஹெலிகாப்டர் கோரிக்கை வந்திருக்கிறதே மேடம். ஒருவருக்கு மூளையில் நீர்க்கோவை, இன்னொருவருக்கு மூச்சுத் திணறல்."

நேற்று மாலை. மூச்சுத் திணறல் நோயாளி நான்தான். அந்நேரம் சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளைக் குறைத்ததைக் கஞ்சத்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு இரவு அறையும் சாப்பாடும் மிச்சம் பிடித்து அவர்களுக்கு என்ன கிடைத்துவிடும்? ஒரே ஹெலிகாப்டரில் இருவரை ஏற்றி, தனித்தனியே இரண்டு மீட்பு என்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் பில் போட்டால் அதில் வரும் பங்கு அதைப்போல் பல மடங்கு. வேகமாக ஏற்றினால் யாராவது ஒருவர் படுத்துத்தான் ஆக வேண்டும். நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை; நடந்தவற்றின் வரிசையை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். 2018-இல் இந்தப் போலி மீட்புகளைப் பற்றி நேபாள அரசே விசாரணை நடத்தியது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புறப்படும் முன் தேடியது எல்லாம் எந்த மாதத்தில் வானம் தெளிவாக இருக்கும் என்பதைத்தான்.

உதவி மையத்துப் பெண் கேட்ட கேள்வி ஒன்றே: "நடக்க முடிகிறதா?" முடிந்தது. இறங்கினோம். வழிகாட்டி முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். சுமைதூக்கிப் பையன், கேட்காமலே தம்பியின் தோள்பையையும் வாங்கித் தன் சுமைக்கு மேல் கட்டிக்கொண்டு, தூக்லா இறக்கத்தில் அவன் முழங்கையைப் பிடித்தபடி வந்தான். மலையில் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல் நினைவிடங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. தம்பி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

ஃபெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை இருக்கிறது. 1973 முதல் அந்த ஊரில் மலையேறுபவர்களைப் பார்த்து வருகிறார்கள். ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தோம். அங்கே போய்ச் சேரும்போதே தலைவலி பாதியாகியிருந்தது. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு தரையில் பலகை இடுக்கைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து, கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். தம்பி கையை விரித்துக்கொண்டு, எங்கள் தெருவில் மதிற்சுவர் மேல் நடந்த பத்து வயதுப் பையனைப்போல, தடுமாறாமல் நடந்து முடித்தான். மூளையில் நீர்க்கோவை இருந்தால் இப்படி நடக்க முடியாது என்றார் மருத்துவர். சாதாரண உயர நோய். டயமாக்ஸ் மாத்திரை, இரண்டு இரவு தங்கல், ஹெலிகாப்டர் தேவையில்லை. எழுதியும் கொடுத்தார்.

ஹெலிகாப்டரே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். அந்தக் கோட்டில் நடக்க முடியாமல் சரிந்தால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அது வேறு கதை. அப்போது யாரோடும் வாதாடிக்கொண்டிருக்காமல் அந்தக் கணமே இறங்க வேண்டும். வான்வழி கிடைத்தால் வான்வழியே.

இரண்டாம் நாள் மாலை தம்பி முழுதாகத் தேறிவிட்டான். மெதுவாக மீண்டும் ஏறிப் பார்க்கலாம் என்று மருத்துவரே சொன்னார். டிக்கெட் பத்தாம் நாளுக்கு. அடிவார முகாமைப் பார்க்காமல் திரும்பினோம். ஃபெரிச்சேயில் தங்கிய இரண்டு இரவும் திட்டத்தில் இல்லை என்று அதற்கான செலவும் எங்கள் தலையில்.

காத்மாண்டுவில் இன்னொன்று காத்திருந்தது. அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போயிருந்த எங்கள் பெட்டியைக் கேட்டபோது, ஹெலிகாப்டரை ரத்து செய்த கட்டணம் 600 டாலர் கட்டினால்தான் தருவோம் என்றார் அதே பொறுப்பான மேலாளர். நான் மருத்துவரின் தாளையும் கோரிக்கை வந்த நேரத்தையும் மேசைமேல் வைத்து, சுற்றுலாப் போலீஸ் அலுவலகத்துக்கு வழி கேட்டேன். பெட்டி வந்துவிட்டது. நுழைவுக் கட்டணத்தில் இருவரிடமும் சேர்த்துக் கூடுதலாக வாங்கிய 3,000 நேபாள ரூபாயும் திரும்பி வந்தது. மற்ற பணம் போனது போனதுதான்.

போகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மீதித் தொகையைக் கொடுக்கும் முன் திரும்பும் டிக்கெட்டை வாங்கி, அதன் தேதியைப் பயணத் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். பாலிசி எண்ணைக் கொடுக்கத்தான் வேண்டும்; ஆனால் உங்கள் குரலைக் கேட்காமல் யார் கோரிக்கைக்கும் ஒப்புதல் தரக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு ஊரிலிருந்தே எழுதிவிடுங்கள். அவசர எண்ணைத் தாளிலும் குறித்துவையுங்கள். குளிரில் கைப்பேசி அணைந்துவிடும்.

சுமைதூக்கிப் பையனுக்கு லுக்லாவில் தம்பி தன் மலையேற்றக் காலணியைக் கொடுத்தான். ஓர் அளவு பெரிது. பையன் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு சரியாக இருக்கிறது என்று நடந்து காட்டினான். தம்பி ரப்பர் செருப்போடு விமானம் ஏறினான்.