‘நாலும் ஒண்ணுதான் தம்பி’: வடக்கு ஐரோப்பாவுக்கு ஏஜென்ட்டிடம் பணம் கட்டுமுன் படிக்க வேண்டியது

“தம்பி, ஸ்வீடன் கெடச்சா போதும். பாலத்தைத் தாண்டினா டென்மார்க். நார்வேக்கு பஸ்ஸு இருக்கு. ஷெங்கன்ல எல்லாம் ஒண்ணுதான், போனதுக்கப்புறம் எங்க சம்பளம் ஜாஸ்தியோ அங்க மாறிக்கலாம்.”

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நான்கும் ஒன்றுதான் என்று கன்சல்டன்சி மேசைகளில் கேட்கும் இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் பல லட்சம் கட்டி ஏமாந்திருக்கிறார்கள். இதில் பாலம் உண்மை, பஸ்ஸும் உண்மை. மற்றதெல்லாம் பொய்.

ஸ்வீடனின் மால்மோவில் ரயில் ஏறினால் எரசுண்ட் பாலம் வழியாக முக்கால் மணி நேரத்துக்குள் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இறங்கிவிடலாம். ஆனால் ஸ்வீடன் கொடுத்த வேலை அனுமதியை வைத்துக்கொண்டு கோபன்ஹேகனில் ஒரு நாள் பாத்திரம் கழுவினாலும் அது சட்டவிரோத வேலைதான். ஸ்வீடன் கார்டு மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில்) தருவது சுற்றிப்பார்க்கும் உரிமை மட்டும்: எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள். வேலை செய்ய உரிமை கிடையாது. எங்கு வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம் என்ற நார்டிக் (வட ஐரோப்பிய நாடுகளின்) ஏற்பாடு ஒன்று 1954-லிருந்து இருப்பது நிஜம். அது அந்த நாடுகளின் குடிமக்களுக்கு உரியது. ஏஜென்ட் அந்த விதியைத்தான் செல்போனில் காட்டுவார், ‘குடிமக்கள்’ என்ற சொல்லை மட்டும் தாண்டிப் படிப்பார்.

ஸ்வீடனில் அனுமதி அதைவிடவும் இறுக்கம். முதல் 24 மாதம் அந்த முதலாளி, அந்தத் தொழில் இரண்டோடும் கட்டப்பட்டிருக்கும். வேலை போனால் அடுத்ததைப் பிடிக்க மூன்று மாதம். இன்னொரு நாட்டுக்கு மாற வேண்டுமென்றால் அந்த நாட்டில் புது முதலாளி, புது விண்ணப்பம், புதுக் கட்டணம் என்று எல்லாம் முதலிலிருந்து. இருந்த ஆண்டுகளும் கூட வராது. வேலை அனுமதியில் இருப்பவர் நிரந்தர வசிப்புரிமை கேட்க நார்வேயில் பொதுவாக 3 ஆண்டு, ஸ்வீடனில் 4, டென்மார்க்கில் 8 (கூடுதல் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினால் 4). ஸ்வீடனில் மூன்றரை ஆண்டு இருந்துவிட்டு டென்மார்க்குக்குப் போனால் அங்கே எண்ணிக்கை முதல் நாளிலிருந்துதான். பின்லாந்து குடியுரிமைக்கான காலத்தை 2024 அக்டோபரில் 5 ஆண்டிலிருந்து 8 ஆக்கிவிட்டது. பழைய எண்ணை இன்னும் சொல்லி விற்பவர்கள் உண்டு.

‘ஐரோப்பிய ப்ளூ கார்டு’ (உயர்தகுதி உள்ளவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் வேலை அனுமதி) என்று சொல்லி நார்வேக்கோ டென்மார்க்குக்கோ பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. டென்மார்க் ஒன்றியத்தில் இருந்தாலும் இந்த விஷயத்தில் விலகி நிற்கிறது. இரண்டும் ப்ளூ கார்டு தருவதில்லை. ஸ்வீடனும் பின்லாந்தும் தருகின்றன. ‘டென்மார்க் கிரீன் கார்டு’ என்றொரு புள்ளி முறை முன்பு இருந்தது, 2016-ல் மூடிவிட்டார்கள். மூடிய திட்டத்தின் புள்ளிக் கணக்கைப் போட்டுக் காட்டி ‘உங்களுக்கு நூறு தாண்டுது’ என்று சொல்வது பழைய வித்தை.

மோசடிகளில் அதிகப் பணத்தை விழுங்குவது ‘ஃபைல் மாத்துறது’. முதலில் ஸ்வீடன் என்று ஃபைல் ஓப்பனிங் சார்ஜ் வாங்குவார்கள். பிறகு ஆஃபர் லெட்டர் சார்ஜ். பிறகு எம்பசி டேட். சில மாதம் கழித்து, “ஸ்வீடன் கோட்டா குளோஸ் ஆயிடுச்சு சார், உங்க ஃபைல பின்லாந்துக்கு மாத்திட்டேன், டிஃபரன்ஸ் மட்டும் கட்டுங்க” என்று போன் வரும். அப்படி மாற்றுவதற்கு எந்த ஃபைலும் எந்த அரசிடமும் கிடையாது. நான்கு நாட்டுக் குடிவரவு அலுவலகங்களும் தனித்தனி: ஸ்வீடனில் மிக்ரேஷன்ஸ்வெர்கெட், நார்வேயில் யுடிஐ, டென்மார்க்கில் சிரி, பின்லாந்தில் மிக்ரி. ஒன்றிலிருந்து மற்றதுக்கு விண்ணப்பம் போகாது. ஆனால் ஒன்று மட்டும் போகும். ஷெங்கன் விசா மறுக்கப்பட்டால் அந்தப் பதிவு பொது விசாத் தகவல் அமைப்பில் உட்கார்ந்திருக்கும், அடுத்த நாட்டு அதிகாரி திறந்தவுடன் தெரியும். போலிக் கடிதத்தோடு ஸ்வீடனில் மாட்டியவர் பின்லாந்தில் சுத்தமான ஆளாகப் போய் நிற்க முடியாது.

உண்மையான நடைமுறை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பொய் தானாகத் தெரிந்துவிடும். ஸ்வீடனில் வேலை அனுமதி விண்ணப்பத்தை வழக்கமாக முதலில் தொடங்குவது முதலாளி, மிக்ரேஷன்ஸ்வெர்கெட் தளத்திலேயே. அதன் பின் உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும். நீங்கள் மீதியை நிரப்பி, கையெழுத்தான வேலை ஒப்பந்தத்தை இணைத்து, 2,200 குரோனா (ஸ்வீடன் பணம்) கட்டணத்தை உங்கள் கார்டிலேயே கட்டலாம். சுமார் இருபதாயிரம் ரூபாய். டென்மார்க்கில் கட்டணம் கட்டும்போது ஒரு கேஸ் ஆர்டர் ஐடி கிடைக்கும், விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். பின்லாந்துக்கு ‘என்டர் பின்லாந்து’ தளத்தில் உங்கள் பெயரில் கணக்கு இருக்கும். நார்வேக்கு யுடிஐ தளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் ஆவணம் கொடுக்க வேண்டும். எந்த நாடானாலும் விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘லாகின் எங்ககிட்ட இருக்கும், ஸ்டேட்டஸ் நாங்க சொல்றோம்’ என்றால் பெரும்பாலும் விண்ணப்பமே போயிருக்காது.

இப்போது ஆஃபர் லெட்டருக்கு வருவோம். புழக்கத்தில் இருக்கும் போலிகள் அச்சில் வார்த்தது போல இருக்கும். மேலே மீன் நிறுவன லோகோ, கீழே ‘பெர்கன், நார்வே’. வேலை: மீன் பேக்கிங். படிப்பு தேவையில்லை, மொழி தேவையில்லை, தங்குமிடம் சாப்பாடு இலவசம். சம்பளம் மாதம் 2,800 யூரோ. ‘ஷெங்கன் வொர்க் பர்மிட் 2 வருடம்’. அடியில் நீல மையில் வட்ட முத்திரை.

வரிவரியாகப் பாருங்கள். நார்வேயில் யூரோ புழங்குவதில்லை, சம்பளம் நார்வே குரோனேயில்தான். ஷெங்கன் வொர்க் பர்மிட் என்று உலகத்தில் ஒன்று இல்லை. ஐரோப்பியர் அல்லாதவருக்கு நார்வே தரும் திறன்தொழிலாளர் அனுமதிக்குத் தொழிற்பயிற்சியோ பட்டமோ வேண்டும். அந்த வேலையும் அந்தத் தகுதியைக் கேட்பதாக இருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவருக்கு சீசன் வேலை அனுமதி உண்டு, அதிகபட்சம் ஆறு மாதம். இரண்டு வருட மீன் பேக்கிங் என்பதற்கு இடமே இல்லை.

அடுத்து நிறுவன எண். இதை எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும். நார்வேயில் 9 இலக்கம், 8 அல்லது 9-ல் தொடங்கும். டென்மார்க்கில் சிவிஆர் எண், 8 இலக்கம். ஸ்வீடனில் 10 இலக்கம், ஆறாவதுக்குப் பிறகு கோடு. ‘ஏபி’ என்று முடியும் நிறுவனமானால் 5-ல் தொடங்கும். பின்லாந்தில் 7 இலக்கம், கோடு, பிறகு ஒற்றை இலக்கம். நான்கு நாட்டுப் பதிவேடுகளிலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நார்வே நிறுவனத்தின் கடிதத்தில் 8 இலக்க எண் இருந்தால், டென்மார்க்குக்குத் தயாரித்த அச்சில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எண் சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். நிஜ நிறுவனத்தின் எண்ணைத் திருடிப் போட்டிருக்கலாம். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அதில் உள்ள தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ கேளுங்கள்: இந்தப் பெயருக்கு இந்த வேலை கொடுத்தீர்களா என்று. கடிதத்தில் அச்சடித்த எண்ணுக்கு அழைத்தால் ஏஜென்ட்டின் ஆள்தான் எடுப்பார்.

சம்பளத் தொகையிலும் ஒரு வலை இருக்கிறது. ‘மாசம் முப்பதாயிரம் குரோனர்’ என்பார்கள், எந்த நாட்டு குரோனர் என்று சொல்லமாட்டார்கள். ஒரு டேனிஷ் குரோனே ஏறத்தாழ ஒன்றரை ஸ்வீடிஷ் குரோனா. அதே முப்பதாயிரம் ஸ்வீடனில் வரம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்: 2025 ஜூனில் ஸ்வீடன் வேலை அனுமதிக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 29,680 குரோனா. டென்மார்க்கின் சம்பள வரம்புத் திட்டத்துக்கு 2025-ல் ஆண்டுக்கு 5,14,000 குரோனே வேண்டியிருந்தது, அதாவது மாதம் 42,800-க்கு மேல். ஸ்வீடன் பணத்தில் பார்த்தால் அது ஸ்வீடன் வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். பின்லாந்தில் அதே ஆண்டு மாதம் 1,600 யூரோ. இந்த எண்கள் ஆண்டுதோறும் மாறுபவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் திரும்பப் பாருங்கள்.

இந்த வரம்புகளை வைத்தே எந்த நாடு யாருக்கு என்று பாதி முடிவாகிவிடும். அனுபவமுள்ள சாஃப்ட்வேர் ஆளுக்கும் மருந்துத் துறை ஆளுக்கும் டென்மார்க் சரி. அந்த அளவு சம்பளம் வராத தொழில் என்றால் டென்மார்க்கின் பாசிட்டிவ் லிஸ்டில் (ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களின் பட்டியல்) உங்கள் தொழில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கிறார்கள். தொழில் வாழ்க்கையின் தொடக்கத்தில் இருக்கும் இன்ஜினியருக்கு ஸ்வீடனோ பின்லாந்தோ எட்டக்கூடிய தூரம்.

நர்ஸ்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘ஐஇஎல்டிஎஸ் வேண்டாம்’ என்ற விளம்பரம் உண்மைதான், ஏனென்றால் அங்கே கேட்பது ஆங்கிலம் அல்ல. நார்வேயில் நர்ஸ் பதிவுக்கு நார்வேஜிய மொழி பி2 நிலை, ஸ்வீடனில் ஸ்வீடிஷ் சி1 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் உயர்ந்த படிகள்). மொழியோடு தேர்வும் கூடுதல் படிப்பும் உண்டு. பின்லாந்துக்கு எடுக்கும் நர்ஸ்களைப் பல இடங்களில் முதலில் பராமரிப்பு உதவியாளராக வைப்பார்கள். அங்கே நர்ஸாகப் பதிய மேற்படிப்பும் பின்னிஷும் வேண்டும். அது தெரிந்தே போவது ஒரு முடிவு, போன பிறகு தெரிவது கொடுமை. ஒப்பந்தத்தில் பதவிப்பெயர் என்ன என்று அசல் மொழியிலேயே கேட்டு வாங்குங்கள். ‘ஹொய்வா-அவுஸ்தாயா’ என்றிருந்தால் அது பராமரிப்பு உதவியாளர். நர்ஸ் என்றால் ‘சாய்ரான்ஹொய்தாயா’.

‘இலவசப் படிப்பு’ என்பதும் எல்லா இடத்திலும் முடிந்த கதை. ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்கு டென்மார்க் 2006-லும், ஸ்வீடன் 2011-லும், பின்லாந்து 2017-லும், கடைசியாக நார்வே 2023-லும் கட்டணம் கொண்டுவந்தன. கட்டணத்தை நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். கன்சல்டன்சி கணக்கில் போட்டு ‘நாங்க கட்டிடுறோம்’ என்றால் வேண்டாம்.

‘ஸ்வீடன் ஜாப் சீக்கர் விசா’ என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, 2022 ஜூனிலிருந்து. ஆனால் முதுநிலைப் பட்டம் போன்ற உயர்நிலைத் தகுதி வேண்டும், மூன்று முதல் ஒன்பது மாதச் செலவுக்கான பணம் காட்ட வேண்டும். பி.ஏ., டிப்ளமோ எல்லாம் போதும் என்று சொன்னால் பொய்.

நார்வேயிலும் டென்மார்க்கிலும் எண்பதுகளிலிருந்து குடியேறிய ஈழத்து உறவுகள் பலருக்கும் உண்டு. அவர்களிடம் ஸ்பான்சர் கடிதம் வாங்கி ‘விசிட்ல போய் அங்கேயே மாத்திக்கலாம்’ என்று இழுப்பார்கள். விசிட் விசாவில் வேலை செய்தால் மாட்டுவது நீங்கள், சங்கடப்படுவது கடிதம் கொடுத்த சித்தப்பா. வெளியேற்றினால் சில ஆண்டுகளுக்கு ஷெங்கனுக்குள் நுழையத் தடையும் சேரலாம்.

ஏஜென்ட்டைச் சோதிக்க: இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு 1983 குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உரிமத்தைப் பார்க்கலாம். படிப்பு கன்சல்டன்சிகளுக்கு இந்த உரிமம் இருக்காது; அவர்கள் வேலை விற்றால் அதுவே குற்றம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வேலை தேடுபவரிடம் வேலை பிடித்துக் கொடுத்ததற்காகப் பணம் வாங்குவதே சட்டப்படி தடை. ‘கம்பெனிக்குக் கொடுக்கணும்’ என்று கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பணம் போய்விட்டதா? ஆன்லைனில் அனுப்பியதென்றால் அன்றே இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் கணக்கை முடக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், ஏஜென்ட் கோபித்தாலும் அவரை பிளாக் செய்யாதீர்கள்.

போய் இறங்கிய பிறகு நடக்கும் ஏமாற்றும் இருக்கிறது. அதற்கு முன், ஏமாற்று இல்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் மாதம் வரி அட்டை கொடுக்கவில்லை என்றால் நார்வேயில் 50, டென்மார்க்கில் 55, பின்லாந்தில் 60 சதவீதம் சம்பளத்திலிருந்து வரியாகப் பிடிப்பார்கள். முதலாளி திருடவில்லை, வரி அலுவலகத்தில் அட்டை வாங்கிக் கொடுத்தால் சரியாகும், கூடுதலாகப் பிடித்தது கணக்கில் திரும்பும்.

வீட்டு முன்பணத்துக்கு வரம்பு உண்டு. டென்மார்க்கில் மூன்று மாத டெபாசிட், அதோடு அதிகபட்சம் மூன்று மாத முன்வாடகை. பின்லாந்தில் மூன்று மாதம். நார்வேயில் ஆறு மாதம் வரை போகலாம், அதுவும் உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் பையில் அல்ல. டென்மார்க்கில் ‘இந்த முகவரியில பதியாதீங்க’ என்று சொல்லும் வீடு வேண்டாம். முகவரி இல்லாமல் சிபிஆர் எண் (டென்மார்க்கின் தனிநபர் அடையாள எண்) இல்லை.

நிஜமான திருட்டு இப்படி இருக்கும்: அனுமதிக்குத் தேவையான சம்பளம் மாதாமாதம் வங்கியில் விழும், மறுநாள் முதலாளி அதில் ஒரு பங்கை ரொக்கமாகத் திரும்பக் கேட்பார். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் பணம் எடுத்த தேதி, தொகை, கேட்ட குறுஞ்செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தினமும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரத்தை உங்கள் நோட்டில் தமிழிலேயே எழுதுங்கள், முதலாளியின் அட்டவணையை நம்பி இருக்க வேண்டாம். பின்லாந்தில் 2021-ல் சட்டம் மாறியிருக்கிறது: முதலாளி மோசமாகச் சுரண்டினார் என்று காட்ட முடிந்தால் நாட்டை விட்டுப் போகாமல் வேறு வேலைக்கு மாறலாம். நார்வேயில் அரசின் தொழிலாளர் ஆய்வுத் துறையிடம் போங்கள். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் முதலில் போக வேண்டிய இடம் தொழிற்சங்கம். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் பழைய தகராறை எடுக்கமாட்டோம் என்று சொல்லும் சங்கங்கள் உண்டு, ஆகவே முதல் சம்பளத்திலேயே சந்தா கட்டிவிடுங்கள்.