உப்புக் காற்றில் 12 ஆண்டுகள்: மூன்று பழைய சுழியோடி மணிக்கூடுகளுடன் என் அனுபவம்

மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை தொடங்கி இரண்டு கிழமை கடந்துவிட்டால், எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் தோல் பொருள்கள் எல்லாவற்றிலும் வெண்பூஞ்சணம் படர்ந்துவிடும். ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் கல்லடியில் எங்கள் வீடு இருக்கிறது. யன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் சொல்லி வைத்தாற்போல் துருப்பிடிக்கும் இந்தக் காற்றில், 1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட சுழியோடி மணிக்கூடுகளைச் சேர்க்கத் தொடங்கி இப்போது 12 ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் இருப்பவை மூன்றே மூன்று. அவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் முறை வைத்துக் கையில் கட்டி வருவதால், இந்தக் கரையில் இப்படியொரு பொருளை வைத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை ஓரளவு துணிந்து சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதுகில் காற்றுக் கலன் சுமந்து சுழியோடும் முறை பரவியபோதுதான் இந்த வகை மணிக்கூடுகளுக்குத் தேவை ஏற்பட்டது. கலனில் உள்ள காற்று எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பதைக் கணக்கு வைக்காதவர் மேலே வரமாட்டார். ஆகவே தண்ணீருக்குள் இறங்கும் கணத்தில், முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேரே நிறுத்திவிட்டால், அதன்பின் கடந்த நிமிடங்களை ஒரே பார்வையில் வாசித்துவிடலாம். 1953ஆம் ஆண்டில் பிளாங்பான் என்ற சுவிஸ் நிறுவனம் பிரெஞ்சுக் கடற்படையின் போர்ச் சுழியோடிகளுக்காக உருவாக்கிய மணிக்கூட்டின் பெயர் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’, அதாவது ஐம்பது பாகம். எங்கள் கரையில் வலை போடுபவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் பெயர் கேட்டவுடனேயே நெருக்கமாகிவிட்டது. 50 பாகம் என்பது ஏறத்தாழ 91 மீற்றர். றோலெக்ஸ் சப்மரீனரும் சோடியாக் சீ வுல்ஃபும் அதே காலத்தில் தோன்றியவை. ஒமேகாவின் சீமாஸ்டர் 300 வெளிவந்தது 1957இல். இந்தப் பெயர்களுள் பெரும்பாலானவை இன்று ஒரு காணித்துண்டின் விலைக்கு விற்கப்படுகின்றன. என்னைப் போன்ற ஒருவருக்குக் கைக்கெட்டுபவை, அதே காலத்தில் சுவிற்சர்லாந்தின் சிறிய நிறுவனங்கள் வெளியில் வாங்கிய இயந்திரத்தையும் கூட்டையும் (வெளி உலோக உறையையும்) பொருத்தித் தங்கள் பெயரில் விற்ற மெல்லிய ‘ஸ்கின் டைவர்’ வகைகளே. அவற்றை நான் தாழ்வாக நினைப்பதில்லை. உண்மையில் தண்ணீருக்குள் இறங்கிய சாதாரண மனிதர்களின் கைகளில் இருந்தவை அவைதாம்.

என் முதலாவது மணிக்கூடு அப்படிப்பட்டதுதான். கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பிய அயலவர் ஒருவரின் பெட்டகத்தில், முறிந்த மூக்குக்கண்ணாடிகளுடன் கிடந்தது. 36 மில்லிமீற்றர் விட்டம், கறுப்பு முகப்பு, உள்ளே ஏ.எஸ். என்ற சுவிஸ் நிறுவனத்தின் இயந்திரம். முகப்பில் 20 ஏடிஎம் என்று எழுதியிருந்தது. அதாவது 200 மீற்றர் ஆழத்து அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். அந்த எழுத்தை நான் நம்பினேன். 2013ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டே பாசிக்குடாவில் இறங்கினேன். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாத கடல் அது. அரை மணித்தியாலம் கழித்துக் கரைக்கு வந்து பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்திருந்தது. மாலைக்குள் முள் நின்றுவிட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கரைக்கு அப்பால் 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில்தான் கிடக்கிறது. அதைப்போல் நான்கு மடங்கு ஆழத்துக்குப் போகும் என்று முகப்பில் எழுதிய மணிக்கூடு, குழந்தைகள் குளிக்கும் தண்ணீரில் மூழ்கிவிட்டது.

மறுநாள் காலையிலேயே அதைக் காத்தான்குடியில் மணிக்கூடு திருத்தும் காக்கா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் பின்மூடியைக் கழற்றியபோது, அதைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய றப்பர் வளையம் காய்ந்த தாரைப்போல் இறுகி, ஊசி முனை பட்டதும் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. நேரத்தை மாற்றத் திருகும் சாவியின் தண்டு நுழையும் துளையில் இருந்த சிறிய வளையம் அடியோடு இல்லை. “தம்பி, இதில எழுதியிருக்கிறது செய்த நாளையில உள்ள கணக்கு. இந்த றப்பருக்கு உங்கட வயசை விடக் கூட இருக்கும்” என்றார். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கொண்டுவந்ததால்தான் இயந்திரம் தப்பியது என்றும் சொன்னார். உப்புத் தண்ணீர் புகுந்த இயந்திரத்தின் உருக்குப் பகுதிகள் ஓரிரு நாளிலேயே துருவேறத் தொடங்கிவிடும்; அதன்பின் எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

அன்று நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, அதைவிட முக்கியமானது. முட்களில் இருந்த ஒளிரும் பசை நனைந்து, பழுப்புநிறப் பொடியாக முகப்பில் சிதறியிருந்தது. நான் குனிந்து ஊதப் போனேன். காக்கா கையைப் பிடித்துத் தடுத்து, ஈரக் கடதாசியால் அதை ஒற்றி எடுத்தார். 1960களின் தொடக்கம் வரையிலும் பல முகப்புகளில் கதிரியக்கப் பொருளான ரேடியம் கலந்த பசையே பூசப்பட்டது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதால், அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. ஆனால் அதோடு கலந்த ஒளிரும் பொருள் எரிந்து தீர்ந்துவிட்டபடியால் இருட்டில் மினுங்காது. மினுங்கவில்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ரேடியத்துக்குப் பதிலாகப் பின்னர் வந்த திரித்தியம் என்ற கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள் மட்டுமே. 60 ஆண்டு கடந்த முகப்பில் அதில் முப்பதில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். 6 மணிக் குறிக்குக் கீழே ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இரு பக்கமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது திரித்தியம். மூடிய மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொள்வது பற்றி நான் அஞ்சுவதில்லை. ஆனால் வீட்டில் பின்மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாரும் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது மணிக்கூட்டை சூரிச்சில் இருக்கும் என் மச்சான் பழைய சாமான் சந்தையில் கண்டெடுத்து, விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தார். ‘சூப்பர் கம்பிரசர்’ என்று அழைக்கப்படும் அந்தக் கூட்டை உருவாக்கியது ஏர்வின் பிக்கரே என்ற சுவிஸ் நிறுவனம். லோன்ஜின், எனிக்கார், ஹமில்டன் முதலிய பல நிறுவனங்கள் அதையே வாங்கித் தம் இயந்திரங்களைப் பொருத்தின. இதில் சாவிகள் இரண்டு: மேற்சாவி கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் வளையத்தைத் திருப்புகிறது, கீழ்ச்சாவி நேரத்தை மாற்றுகிறது. பின்மூடி வில்லமைப்போடு பொருந்தியிருப்பதால், ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமே மூடியை றப்பர் வளையத்தின்மேல் மேலும் இறுக்குகிறது. வருகிற பகையையே காவலாக்கும் இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதைச் செய்தவர்கள்மீது மதிப்புப் பெருகுகிறது. ஆனால் அந்த றப்பரும் முதுமையடைந்தால் இந்தக் கெட்டித்தனம் எதற்கும் உதவாது.

இதனிடத்தில் எனக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லத்தான் வேண்டும். காக்கா நோயுற்றிருந்த மாதத்தில், வேறொரு நகரத்திலுள்ள ஒரு கடையில் எண்ணெய் மாற்றுவதற்காக மட்டும் இதைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கூடு முழுவதும் கண்ணாடிபோல் பளபளத்தது. வார் பொருந்தும் கொம்புகளின் கூரிய விளிம்புகள் உருண்டு தேய்ந்திருந்தன. சாவிகளின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டப்பட்டிருந்த வரிகள் மழுங்கியிருந்தன. கேட்காமலேயே மெருகேற்றிக் கொடுத்ததை அவர்கள் உபகாரமாகவே எண்ணினார்கள். தேய்ந்த உலோகம் திரும்பி வராது. அன்றிலிருந்து, யாரிடம் கொடுத்தாலும் ‘கூட்டையும் முகப்பையும் முள்ளையும் தொடக் கூடாது’ என்று ஒரு துண்டில் எழுதி உடன் வைத்தே கொடுக்கிறேன். வாங்கும்போதும் நான் முதலில் பார்ப்பது இதையே. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் முகப்பின் எழுத்துகளைப் பார்த்தால், பழைய அச்சு ஓரம் கூர்மையாக இருக்கும். மீண்டும் வர்ணம் பூசியதில் எழுத்து தடித்து வழிந்திருக்கும். திரித்தியக் குறி இருக்கும் முகப்பு இருட்டில் பச்சையாகச் சுடர்விட்டால், அந்தப் பசை அண்மையில் பூசப்பட்டது. கீறலும் மங்கலும் உள்ள உண்மையான முகப்பை, புதிதாக்கப்பட்ட அழகிய முகப்பைவிட நான் எப்போதும் மேலாக மதிக்கிறேன்.

மூன்றாவது, கல்முனையில் ஒரு வீட்டிலிருந்து வந்த சீக்கோ 6105. யப்பானின் முதலாவது சுழியோடி மணிக்கூட்டைச் சீக்கோ 1965இல் வெளியிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்த வகை இது. பின்மூடியிலுள்ள தொடரிலக்கத்தின் முதல் இலக்கம் ஆண்டையும் இரண்டாவது மாதத்தையும் காட்டும். என்னுடையது 9, 4 என்று தொடங்குவதால் 1969 ஏப்ரலில் பிறந்தது. இதற்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. கட்டி நடந்தால்தான் ஓடும். நாளொன்றுக்கு 20 செக்கன் வரை பிந்துகிறது. மூன்றிலும் மிகக் குறைவாகத் தொல்லை தந்தது இதுதான் என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இந்தக் காற்றுக்கு ஏற்ப நான் கடைப்பிடிப்பவை எளியவை. தோல் வாரை முற்றாகக் கைவிட்டு நைலோன் வாருக்கு மாறிவிட்டேன். நனைந்தால் கழுவிக் காயப்போட்டால் போதும். வாரைப் பிடித்திருக்கும் சிறிய வில்லூசிகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஏனென்றால் வியர்வையும் உப்பும் முதலில் தின்பது அவற்றைத்தான். ஊசி முறிந்தால் மணிக்கூடு தரையில் கிடக்கும். மழை மாதங்களில் மூன்றையும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை மணிக்கூட்டை உள்ளங்கைச் சூட்டில் சிறிது நேரம் பொத்தி வைத்து, கண்ணாடியின் நடுவில் ஒரு துளி குளிர்ந்த தண்ணீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பேன். அந்த இடத்தில் உட்புறமாகப் பனி தெரிந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, உடனே காத்தான்குடிக்குப் போகவேண்டும். றப்பர் வளையங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். இவ்வளவு செய்தும் நான் எதையும் கடலுக்குள் கொண்டுபோவதில்லை. கிணற்றடியில் குளிக்கும்போதுகூடக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

சூப்பர் கம்பிரசரின் மேற்சாவிக்கு ஏற்ற றப்பர் வளையம் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. தடிப்பையும் உள்விட்டத்தையும் காக்கா அளந்து ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் குறித்துத் தந்திருக்கிறார். மச்சான் அடுத்த ஆடி விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அது பெட்டிக்குள் இருக்கும், சீக்கோ என் கையில் இருக்கும்.