மீன் கழிவு: தூளாக்கவா, அமிலத்தில் ஊறவிடவா?

மீன் வெட்டும் இடத்தில் மிஞ்சும் தலை, குடல், முள், செதில் எல்லாவற்றிலும் நல்ல புரதமும் எண்ணெயும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. அவற்றைக் கோழி, மீன் தீவனமாக மீட்க இரண்டு வழிகள்: மீன்தூள், இல்லையேல் சைலேஜ், அதாவது அமிலத்தில் ஊறவைத்த மீன் கூழ்.

மீன்தூள் பழைய வழி. கழிவை வேகவைத்து, பிழிந்து, எண்ணெயையும் நீரையும் பிரித்து, சக்கையை உலர்த்தி அரைப்பார்கள். ஏறக்குறைய 5 கிலோவுக்கு 1 கிலோ தூள் கிடைக்கும். மாதக்கணக்கில் கெடாது, மூட்டை கட்டி எங்கும் அனுப்பலாம். ஆனால் கொதிகலன், எரிபொருள், தினமும் டன் கணக்கில் சரக்கு வேண்டும். சூடு மிஞ்சினால் புரதத்தின் முக்கியக் கூறான லைசின் சத்தும் குறையும்.

சைலேஜுக்கு அடுப்பே வேண்டாம். அரைத்த கழிவு 100 கிலோவுக்குச் சுமார் 3 கிலோ பார்மிக் அமிலம் கலந்து, பி.எச். அளவை (புளிப்பு ஏற ஏற இது குறையும்) 4-க்குக் கீழே வைத்தால் அழுகவைக்கும் கிருமிகள் அடங்கிவிடும். அப்புறம் வேலை மீனுடைய குடலிலுள்ள நொதிகளுடையது. நம் ஊர் வெயிலில் சில நாட்களில் கூழ் கஞ்சி பதத்துக்கு இளகும், எண்ணெய் மேலே மிதக்கும், முள் அடியில் தங்கும். அதனால் குடலைச் சேர்த்தே அரையுங்கள். வெறும் தலையும் முள்ளும் என்றால் இளக வெகுநாள் ஆகும். பிளாஸ்டிக் டிரம்மே சரி, இரும்பை அமிலம் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

நார்வே சால்மன் பண்ணைகளில் செத்த மீனைக்கூட இப்படித்தான் பதப்படுத்துகிறார்கள். குறை, தண்ணீர் அப்படியே இருப்பதால் வரும் எடை. தூரம் போனால் வண்டி வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.

பெரிய துறைமுகத்துக்குத் தூள் ஆலைதான். நாள்தோறும் சில நூறு கிலோ மட்டும் சேரும் சந்தைக்கு, பக்கத்தில் கோழிப் பண்ணையோ மீன் குளமோ இருந்தால், நான் சைலேஜைத்தான் சொல்வேன்.