கள்ளிக்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டோம்: 5க்கு 4

போன பங்குனிக் கடைசியில் எங்கள் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டோம், அதாவது எருவுக்காக ஆட்டு மந்தையை ராத்திரி நிலத்திலேயே அடைத்து வைப்பது. ஒரு ஏக்கர், சுமார் 300 செம்மறி, 7 ராத்திரி. ராத்திரிக்கு 600 ரூபாய், அதுபோக கிடைக்காரர்களுக்கு அரிசியும் காப்பித்தூளும். மந்தையை ஓட்டி வந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்) ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பேச்சு கம்மி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வலையைக் கட்டி ஆட்டை அடைத்தால் விடியும்போது தரை கறுப்பு மிளகு கொட்டின மாதிரி இருக்கும். மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் நடுகிறார். "ரெண்டாம் ராத்திரியும் இங்கயே போட்டா என்னண்ணே?" என்று கேட்டேன். "வேணாம் தம்பி, பயிரு வெந்து போகும்" என்றார், அவ்வளவுதான். அந்த இடம் மாற்றுகிற ஒழுங்குக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று பிறகுதான் புரிந்தது. ஏனென்றால் எங்கள் மாமா வீட்டுக்குப் பின்னால் இருபது வெள்ளாடு வருஷம் முழுக்க ஒரே புறம்போக்கில் மேய்ந்து, புல்லு வேரோடு போய், மண் களத்துமேடு மாதிரி இறுகிக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. அங்கேயும் ஆடுதான், இங்கேயும் ஆடுதான்.

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் ஆட்டு எருவில் 3 சதவீதம் வரைக்கும் இருக்கும், மூத்திரமும் நேராக மண்ணிலேயே சேர்ந்துவிடுகிறது. டிராக்டரில் எரு அடிக்கும் வண்டிக்கூலியும் மிச்சம்.

இப்போது குறை. ஆறாம் ராத்திரி கோடை மழை. கரிசல் நனைந்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலில் ஒட்டினால் செருப்பே கழன்றுவிடும். அதிலேயே 300 ஆடு விடிய விடிய நின்றது. மேட்டுக்கு ஓட்டிவிடச் சொல்லியும் அவர் கேட்கவில்லை, குட்டிகள் நரிக்குப் போய்விடும் என்றார், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த மூலை காய்ந்ததும் செங்கல் போல ஆகிவிட்டது, கலப்பை இறங்கவே இல்லை, புரட்டாசியில் போட்ட சோளம் அங்கே மட்டும் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. அதனால்தான் ஒரு மதிப்பெண் குறைவு.

அப்புறம் சீமைக்கருவேலம். ஆடுகள் வருகிற வழியெல்லாம் அந்த நெற்றைத் தின்றுவிட்டு வருகின்றன, விதை செரிக்காமல் புழுக்கையோடு நம் காட்டுக்கு வருகிறது. முதல் மழைக்கு ஒரு ஏக்கரில் நான் கையால் பிடுங்கியதே இரண்டு சாக்கு இருக்கும். சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், விட்டால் மண்வெட்டிதான்.

என் தப்பும் ஒன்று உண்டு. கிடை போனதும் உழ வேண்டும், டிராக்டர்காரர் வர பத்து நாள் ஆகிவிட்டது. மூக்கைத் துளைக்கிற அந்த நெடி அமோனியாதான், காற்றோடு போனது என் தழைச்சத்து. மீதி இடத்தில் சோளம் தலைக்கு மேலே போனது, வாங்குகிற யூரியாவில் பாதிகூட இந்தத் தடவை போடவில்லை.

கிடை வேண்டுமென்றால் மாசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், அறுப்பு முடிந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கேட்கத் தோன்றும். ராத்திரிக் கூலியைப் பேசும்போதே மழை வந்தால் ஆட்டை எங்கே நிறுத்துவது என்பதையும் பேசிவிடுங்கள். நான் வரும் வருஷத்துக்குச் சொல்லிவிட்டேன், அதே கீதாரிதான்.