ரோட்ஸா, வல்லெட்டாவா? ஒரே சபை கட்டிய இரு கோட்டைத் துறைமுகங்கள்

மத்தியதரைக் கடலின் கோட்டை நகரங்களுள் கிரேக்கத் தீவு நகரான ரோட்ஸையும் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. கிறித்தவப் போர்த்துறவுச் சபையான புனித யோவான் சபையின் வீரத்துறவிகள் 1522-இல் ஆறு மாத முற்றுகைக்குப் பின் ரோட்ஸைத் துருக்கியச் சுல்தான் சுலைமானிடம் இழந்தனர். 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், ஆண்டுக்கு ஒரு வல்லூறு என்னும் பெயரளவு வாடகைக்கு, மால்டாவை அவர்களுக்கு அளித்தார்.

மதில் பீரங்கிக்கு ஏற்ப எப்படி மாறியது என்று அறிய விரும்புவோருக்கு ரோட்ஸே உகந்தது. உயர்ந்து மெலிந்த இடைக்காலச் சுவரை துருக்கியரின் 1480 முற்றுகைக்குப் பின் தடிமனாக்கி, அகழியை அகலப்படுத்தி, சபையின் இத்தாலியப் பிரிவினர் காத்த பகுதியில் வட்டக் கொத்தளம் எழுப்பியதையெல்லாம், நீரற்ற அந்த அகழிக்குள் இறங்கி நடப்பவர் இன்றும் படிப்படியாகக் காணலாம். கற்குண்டுகளும் அங்கேயே கிடக்கின்றன.

வல்லெட்டாவில் இத்தகைய ஒட்டுவேலை இல்லை. மால்டா மீது துருக்கியர் இட்ட 1565 முற்றுகையை முறியடித்த மறு ஆண்டே, 1566 மார்ச் 28 அன்று, வெறும் பாறையாக இருந்த தீபகற்பத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரான்செஸ்கோ லாபரெல்லி கட்டம் கட்டமாகத் தெருக்களை வகுத்தார். ஜிரோலாமோ கசார் அதைக் கட்டி முடித்தார். ரோட்ஸில் கற்ற பாடம் இங்கே தொடக்கத்திலேயே வரைபடத்துக்குள் புகுந்துவிட்டது. இருபுறமும் ஆழமான இயற்கைத் துறைமுகம் அமைந்திருப்பதால், துறைமுகம் என்ற அளவில் ரோட்ஸ் இதற்கு ஈடாகாது.

கட்டடங்கள் அசல் நிலையில் நிலைத்திருப்பதிலும் வல்லெட்டாவே முந்துகிறது என்பது என் கணிப்பு. ரோட்ஸில் உள்ள சபைப் பெருந்தலைவர் மாளிகை 1856 வெடிமருந்து விபத்தில் சிதைந்து, இருபதாம் நூற்றாண்டில் இத்தாலிய ஆட்சியாளர்களால் மீண்டும் எழுப்பப்பட்டது. பயணிகள் பலர் அதை இடைக்காலக் கட்டடமென்றே எண்ணித் திரும்புகின்றனர். வல்லெட்டாவின் புனித யோவான் பேராலயத்திலோ, கரவாஜியோ 1608-இல் அச்சபைக்காகத் தீட்டிய ஓவியம் அதற்கென வரைந்த இடத்திலேயே தொங்குகிறது.

எனினும் போர் வரலாற்றுக்காக ஒரே பயணம்தான் வாய்க்குமெனில் ரோட்ஸுக்கே செல்லலாம். துருக்கியரை எண்ணிக் கட்டிய வல்லெட்டாவின் மதிலை அவர்கள் முற்றுகையிடவே இல்லை. 1798-இல் நெப்போலியன் வந்தபோது துறவிகள் சில நாட்களில் சரணடைந்தனர். அதன்பின் உள்ளே அகப்பட்ட பிரெஞ்சுப் படையை மால்டா மக்களும் பிரிட்டிஷ் கடற்படையும் இரண்டு ஆண்டுகள் வளைத்திருந்தும் மதில் உடையவில்லை. 1800-இல் கதவைத் திறக்க வைத்தது பசிதான்.