குட்டித் தீவனத்துக்குக் கொழுப்பு அமிலப் பவுடர் வாங்குகிறீர்களா? முதலில் லேபிளைப் பாருங்கள்

பன்றிக் குட்டிகளுக்கென்று விற்கிற கொழுப்பு அமிலப் பவுடரில் நன்றாக ஏமாற்றப்பட்டிருக்கிறேன். வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

"நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலம் சார், தாய்ப்பாலிலிருந்து பிரித்த குட்டிக்குக் கழிச்சலே வராது" என்று சொல்லி விற்றார்கள். கழிச்சலே வராது என்பது அளப்புதான், ஆனால் அந்த அமிலங்கள் நல்ல சரக்கு. 8, 10 கார்பன் கொண்ட கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் கெட்ட பாக்டீரியாவை அடக்கும். குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்ச் சட்டென்று சக்தியாகும். பால் பிரித்த முதல் இரண்டு வாரம் மற்ற கொழுப்பைச் செரிக்கவே குட்டி திணறும் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

மூட்டைக்குள் இருந்தது வேறு. குட்டிகள் தொட்டியை முகர்ந்துவிட்டு ஒதுங்கின. மலம் வெளுத்துச் சாம்பல் நிறமானது, விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. விற்றவரிடம் கேட்டால், "தண்ணி சரியில்லை, டோஸைக் கூட்டிப் பாருங்க" என்கிறார். வாடிக்கொண்டிருக்கிற குட்டிக்கு இன்னும் கூட்டிப் போடச் சொன்னதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

லேபுக்கு அனுப்பினேன். பெரும்பகுதி 16 கார்பன் பால்மிட்டிக், அடுத்து ஒலீயிக்; இரண்டுமே நீளச் சங்கிலி அமிலங்கள். கேப்ரிலிக், கேப்ரிக் பேருக்குக்கூட இல்லை. கால்சியம் எக்கச்சக்கம். கறவை மாட்டுக்குப் போடும் பைபாஸ் கொழுப்பைத்தான் பை மாற்றி விற்றிருக்கிறார்கள். அது பாமாயில் கொழுப்பு அமிலத்தின் கால்சியம் உப்பு. மாட்டின் முதல் வயிற்றைக் கரையாமல் தாண்டுவதற்காகச் செய்தது. குட்டியின் வயிற்றில் அமிலம் சுரப்பதே குறைவு, கூடுதல் கால்சியம் அதையும் முறித்துவிடும்.

ரிப்போர்ட்டைக் காட்டியதும், "பையில கேப்ரிலிக்னு எங்க போட்டிருக்கு?" என்றார்கள். உண்மைதான், "மொத்தக் கொழுப்பு" என்ற ஒற்றை எண்தான் இருந்தது. அதை வைத்து ஒன்றும் தெரியாது. எந்த அமிலம் எத்தனை சதவீதம் என்று, உங்களுக்கு வருகிற அதே பேட்சுக்கான ரிப்போர்ட்டைக் கேளுங்கள். கால்சியம் 8, 9 சதவீதம் என்றிருந்தால் மாட்டுச் சரக்கு என்று சந்தேகப்படுங்கள். வாசனையை மட்டும் நம்பாதீர்கள்: கேப்ரிலிக் அமிலம் ஆட்டுக்கடா வாடை அடிக்கும், ஆனால் பூச்சுப் பூசிய நல்ல சரக்கில் அது அவ்வளவாகத் தெரியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தீவனத்தில் கலக்கும் முன் ஒரு கைப்பிடியை உலர்ந்த டப்பாவில் மூடி, பேட்ச் எண்ணும் பில்லும் சேர்த்து எடுத்து வையுங்கள். மூட்டை காலியான பிறகு புகார் கொடுத்தால் லேபுக்கு அனுப்பக் கையில் ஒன்றும் இருக்காது.